பொன்னியின் பிறந்த வீடு

மணிக்கூண்டு நிழலில் – 14

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து ஜாம்பஜார் பக்கம் நடந்தால் வழியில் ஓர் அரிசிக் கடை. தெருவுக்கு அது அண்ணாச்சி கடை. வாசலில் மூட்டைகளின் வாயைச் சுருட்டிவிட்டு, அரிசியைக் கூம்பாகக் குவித்து, உச்சியில் மூட்டைக்கொரு அட்டை செருகியிருப்பார். பொன்னி புழுங்கல், பொன்னி பச்சை, ஆந்திரா பொன்னி, பிபிடி, இட்லி அரிசி ஐ.ஆர். 20, பிரியாணிக்குச் சீரகச் சம்பா. உள்ளே கூரை வரைக்கும் சிப்பங்கள். முன்பெல்லாம் ஒரு சிப்பம் 25 கிலோ; இப்போது 26. பொட்டலம் கட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் வரி என்று 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூடப் போட்டுக் கட்டி வரியைத் தாண்டிவிட்டார்கள். சட்டத்துக்கு ஒரு கிலோவில் பதில் சொன்ன சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

“இதுல நம்ம ஊர் அரிசி எது அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“எல்லாமே நம்ம ஊர்தான் சார். பொன்னின்னா காவேரி இல்லையா? தஞ்சாவூர் தண்ணி குடிச்ச நெல்லு” என்றார். சொல்லிக்கொண்டே ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி, ஊதிக் காட்டினார்.

பெயரைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. பொன்னி என்றால் காவிரிதான். ஆனால் காவிரியின் பெயரைச் சூடியிருக்கும் இந்த அரிசியைப் பெற்றவர்களில் ஒருவர் மலேயா, மற்றவர் தைவான். முடிச்சுப் போட்டது ஒடிசாவில். கல்யாணத்துக்கு யோசனை சொன்னவர் மட்டும் கீழக்கரைத் தமிழர்.

கதீட்ரல் சாலைத் தோட்டத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். 1835-இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம், அதை நடத்திய ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட், அவர் கோயம்புத்தூரில் கட்டி மேய்த்த அமெரிக்கப் பருத்தித் திட்டம். மிசிசிப்பிப் பக்கத்திலிருந்து கும்பினியார் கூட்டிவந்த சாகுபடியாளர்கள் கொங்கு நாட்டு விவசாயிக்குப் பருத்தி போடக் கற்றுக்கொடுக்க முயன்றதும், பத்தாண்டு கழித்து அந்தத் திட்டம் ஓய்ந்ததும் நினைவிருக்கலாம். அது மான்செஸ்டர் ஆலைகளுக்காக நடந்த ‘தொழில்நுட்ப உதவி’. யாருடைய பசிக்காக வந்தது என்பதில்தான் அதற்கும் இந்த வாரக் கதைக்கும் வேறுபாடு.

இந்தக் கதை பசியில்தான் தொடங்குகிறது. 1943-இல் வங்கத்தில் பஞ்சம். இலட்சக்கணக்கானோர் செத்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1946-இல், ஒடிசாவின் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அதன் முதல் இயக்குநர் கே. ராமையா. 1892-இல் கீழக்கரையில் பிறந்தவர். கோயம்புத்தூரில் நெல்லோடு வளர்ந்து, நெல்லின் மரபியலில் உலகம் மதிக்கும் பெயர் எடுத்தவர். 1970-இல் பத்மபூஷண் கொடுத்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதனைத் தெரியாத தமிழர் குறைவு. ராமையாவைத் தெரிந்த தமிழர் அதைவிடக் குறைவு. சுவாமிநாதனே 1954-இல் கட்டாக்குக்கு வந்து சேர்ந்தது, ராமையா கிளப்பிவிட்ட வேலையில் பங்கெடுக்கத்தான்.

அது என்ன வேலை? ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1945-இல் பிறந்தது. அரிசிக்கென்று அது கூட்டிய ஆய்வுக்குழு 1947-இல் திருவனந்தபுரத்தில் கூடியது. 1949-இல் பாங்காக்கில் சர்வதேச நெல் ஆணையத்தின் முதல் கூட்டம். அந்த வட்டாரத்தில்தான் ராமையாவின் யோசனை மேசைக்கு வந்தது: வெப்பநாட்டு இண்டிகா நெல்லையும் ஜப்பானிய ஜப்பானிகா நெல்லையும் கலந்தால் என்ன?

கேட்பதற்குச் சாதாரணக் கேள்வி. ஆனால் நம் நெல்லின் பெரிய குறை அதற்குள் இருக்கிறது. நம் பழைய ரகங்கள் ஆளுயரம் வளரும். உரம் போட்டால் இன்னும் நெடுநெடுவென்று போகும். கதிர் கனத்ததும் தாள் தாங்காமல் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து முளைவிடும். போட்ட உரம் வைக்கோலுக்குத்தான் ஆச்சு என்பான் விவசாயி. ஜப்பானிய நெல் குட்டை, தண்டு கெட்டி. உரம் போட்டால் அத்தனையும் மணியாகும். ஆனால் சோறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உருண்டையாக வரும். ரசத்துக்கு ஆகாது. போதாக்குறைக்கு நம் வெயிலில் நட்டால் வளர்வதற்குள்ளேயே பூத்துத் தொலைக்கும். ஒருவரின் உடம்பும் மற்றவரின் குணமும் சேர்ந்தால் போதும் என்பதுதான் கணக்கு.

நாடுகள் தங்கள் நல்ல ரகங்களைக் கட்டாக்குக்கு அனுப்ப வேண்டும். ஜப்பானிகா விதைகளும் அங்கே வந்து சேரும். கலப்பைக் கட்டாக்கில் செய்து, பிள்ளை விதையை அந்தந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவார்கள். அங்கே அவர்கள் வயலில் பொறுக்கி எடுத்துக்கொள்ள வேண்டியது. விதைக்கு விலை கிடையாது, உரிமைச் சீட்டும் கிடையாது. இதே முறையில் இந்திய மாநிலங்களுக்கென்று இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தனியாக ஒரு திட்டத்தையும் நடத்தியது. பணக்கார நாடு நிபுணரை அனுப்ப, ஏழை நாடு கைகட்டிக் கேட்கும் ஏற்பாடாக இது இல்லை. உதவி வாங்குகிற நாடு என்று பட்டியலில் இருந்த இந்தியாதான் இங்கே பட்டறை. அந்தக் காலத்து உதவித் திட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது என்பதை ஒளிக்கப்போவதில்லை.

கலப்பு என்பது வயலில் எப்படி நடக்கும் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நெல் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் பயிர். பூ முன்பகலில் திறக்கும். ஒரு மணி நேரம்போலத் திறந்திருந்து மூடிக்கொள்ளும். திறக்கும்போதே தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழுந்துவிடும். அதனால் அது திறப்பதற்கு முன்பே ஆள் போய்விட வேண்டும். தாயாகத் தேர்ந்த கதிரில் ஒவ்வொரு பூவின் உமி நுனியையும் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தத் தாள்களையும் நுண் இடுக்கியால் ஒன்றொன்றாக எடுக்க வேண்டும். உமியோ கடுகை நான்கைந்தாக அடுக்கிய நீளம்தான். ஒரு தாள் விட்டுப்போனாலும் அந்தப் பூ தன் பிள்ளையையே பெற்றுக்கொள்ளும். எடுத்து முடித்ததும் கதிருக்குக் காகித உறை. தகப்பன் கதிர் பூக்கும் நேரத்தில் அதை ஒடித்துக்கொண்டு வந்து, உறையைக் கழற்றி, மேலே உதறி, மறுபடி உறை மாட்டி, நூலில் ஒரு சீட்டுக் கட்ட வேண்டும். சீட்டில் தாய் பெயர், தகப்பன் பெயர், தேதி. இத்தனைக்கும் பிறகு கதிரில் சில மணிகள் பிடித்தால் அன்றைய நாள் நல்ல நாள்.

பிடித்த மணியை விதைத்தால் அடுத்த சோதனை. இண்டிகாவும் ஜப்பானிகாவும் தூரத்து உறவு. கலந்து பிறக்கும் பயிர் பச்சையாகத் தழைத்து நிற்கும், கதிரைத் தொட்டால் பாதிக்கு மேல் பதர். அடுத்த தலைமுறையிலும் கருக்காய். 700-க்கும் மேற்பட்ட கலப்புகள் நடந்தன. அவற்றிலிருந்து விவசாயி கைக்குப் போன ரகங்கள் நான்கே நான்கு: மலேசியாவில் மலிஞ்சா, மாசூரி, ஆஸ்திரேலியாவில் சர்க்னா, நம் ஆடுதுறையில் ஏ.டி.டி. 27.

எழுநூற்றுக்கு நாலு. கணக்குப் பிள்ளை பார்த்தால் தோல்வி என்றுதான் எழுதுவார். எழுதவும் செய்தார்கள். பசுமைப் புரட்சி வரலாறுகளில் இந்தத் திட்டத்துக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம்.

ஏ.டி.டி. 27-க்குத் தாய்வழியில் ஜப்பானிய நோரின் 10. மறுபக்கம் ஜி.இ.பி. 24. இந்தப் பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற பதவியின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. பார்னெல் துரை அந்தப் பதவியில் இருந்த காலத்தில், 1921-இல், கோயம்புத்தூரில் வெளியான ரகம். விவசாயிகள் கிச்சிலிச் சம்பா என்றார்கள். சோற்றுக்கு அவ்வளவு பேர் எடுத்த நெல். நூற்றுக்கணக்கான ரகங்களின் வம்சாவளியில் இது இருக்கிறது. இந்தக் கதையிலேயே இன்னும் இரண்டு முறை வரும்.

ஏ.டி.டி. 27 அறுபதுகளின் நடுவில் தஞ்சாவூர் வயலுக்கு வந்தபோது, அங்கே ஏற்கெனவே இன்னொரு வெளிநாட்டு விருந்தாளி உட்கார்ந்திருந்தார். 1959-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் குழு இந்தியாவின் உணவு நெருக்கடி பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. அதன்படி முதலில் ஏழு மாவட்டங்களில் தீவிர வேளாண் திட்டம் தொடங்கியது. அவற்றில் தஞ்சாவூர் ஒன்று. ‘பேக்கேஜ் திட்டம்’ என்று பெரிய மிராசுதார் முதல் கிராமசேவக் வரை எல்லோர் வாயிலும் புழங்கிய சொல். விதை, உரம், கடன், பூச்சிமருந்து, ஆலோசனை எல்லாம் ஒரே கட்டாக. கட்டு இருந்தது, அதற்குள் வைக்க உரம் தாங்கும் விதை இல்லை. அந்த இடத்தில் வந்து சேர்ந்ததுதான் கட்டாக் திட்டத்தின் பிள்ளை. ஏறத்தாழ 105 நாளில் குறுவை அறுவடை. பின்னாலேயே தாளடி நடலாம்.

விளைச்சல் கூடியது. கூடிய விளைச்சலில் கூலியாளுக்கு என்ன பங்கு என்ற கேள்வியும் கூடவே வந்தது. குறுவை அறுப்பு வடகிழக்குப் பருவமழையோடு போட்டி போடும். நேரத்தில் ஆள் கிடைக்காவிட்டால் நெல் வயலிலேயே போய்விடும். அதனால் அறுப்புக் கூலி பேரம் முன்பைவிடச் சூடேறியது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து செத்தார்கள். விதை அதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சாதியும் நிலமும் சேர்ந்து செய்த கொலை அது. ஆனால் அரைப்படி நெல் கூடக் கேட்ட கோரிக்கைக்கும் வயலில் கூடியிருந்த நெல்லுக்கும் தொடர்பே இல்லை என்பவர்களோடும் நான் ஒத்துப்போகமாட்டேன். உதவித் திட்டத்தின் அறிக்கைகளில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற பத்தி இருக்கும். அந்த மூட்டையை யார் தூக்கினார்கள் என்ற பத்தி இருக்காது.

சென்னைக்குத் திரும்புவோம். அந்த ஆண்டுகளில் ராயப்பேட்டையில் அரிசி என்றால் வரிசை. எனக்கு ஆறேழு வயது. ரேஷன் பையைப் பிடித்துக்கொண்டு பாட்டியோடு நின்றது நினைவிருக்கிறது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு ஆட்சியையே மாற்றியது. கடைசியில் சென்னைக்கும் கோவைக்கும் ரூபாய்க்கு ஒரு படி கிடைத்தது. பிறகு வந்தது ஐ.ஆர். 8. பிலிப்பைன்ஸில் ஃபோர்டு, ராக்பெல்லர் அறக்கட்டளைகளின் பணத்தில் 1960-இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் வெளியிட்ட குட்டை நெல். அள்ளி அள்ளிக் கொடுத்தது. வட ஆர்க்காட்டுப் பக்கம் ஒரு விவசாயி மகிழ்ச்சி தாங்காமல் மகனுக்கே ஐ.ஆர். எட்டு என்று பெயர் வைத்ததாக ஒரு கதை உண்டு. எங்கள் வீட்டில் பாட்டியின் தீர்ப்பு வேறு. மத்தியானம் வடித்தால் ராத்திரிக்கு விறைத்துப்போகிறது, கல்லைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பாள். பசிக்குத்தான் ஐ.ஆர். 8, வாய்க்கு இல்லை.

வாய்க்கான அரிசி வேறு வழியாக வந்துகொண்டிருந்தது.

மலேயாவிலிருந்து மயாங் எபோஸ் 80 என்ற நெல் கட்டாக்குக்குப் போயிருந்தது. அதற்குப் பார்த்த ஜோடி தைச்சுங் 65. ஜப்பானியர் ஆட்சிக்காலத்துத் தைவானில் உருவான ஜப்பானிகா. அசல் ஜப்பானிய நெல்லைப்போல வெயிலில் அவசரப்பட்டுப் பூக்காது, வெப்பநாட்டுக்குப் பழகிய ரகம். பிள்ளை விதை மலேயாவுக்குத் திரும்பியது. அங்கே புக்கிட் மேராவில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கினார்கள்; கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவி ஏற்பாட்டின் கீழ் வந்திருந்த ஜப்பானிய வல்லுநர்களும் உடன் நின்றார்கள். முதலில் மலிஞ்சா. அந்தப் பெயரை மலேயா, இந்தியா, ஜப்பான் என்று மூன்றாகப் பிரித்துப் படித்துப் பாருங்கள், ரகசியம் ஒன்றுமில்லை. அடுத்து 1965-இல் மாசூரி.

மாசூரி என்பது லங்காவித் தீவில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். செய்யாத குற்றத்துக்குக் கொலைத்தண்டனை பெற்ற பெண். அவள் உடம்பிலிருந்து வெள்ளை இரத்தம் வழிந்தது என்றும், ஏழு தலைமுறைக்குத் தீவு உருப்படாது என்று அவள் சபித்தாள் என்றும் அங்கே சொல்வார்கள். அதன்பின் சயாமியர் படையெடுத்து வர, ஊரார் நெல்லைத் தாங்களே கொளுத்தினார்களாம். எரிந்த அரிசி மழைக்காலத்தில் மண்ணிலிருந்து மேலே வரும் என்று இன்றும் ஓரிடத்தைக் காட்டுகிறார்கள். சபித்தவளின் பெயரில் வந்த நெல் கடலுக்கு இந்தப் பக்கம் யாரையும் பட்டினி போடவில்லை.

அறுபதுகளின் பிற்பகுதியில் மாசூரி இந்தியாவுக்கு வந்தது. சோதனை வயலில் அதற்கு நல்ல மதிப்பெண் இல்லை. உயரம், சாய்கிறது என்று தள்ளிவிட்டார்கள். ஐ.ஆர். 8 குட்டையாக நிமிர்ந்து நிற்கும் காலத்தில் நெட்டை நெல்லை யார் திரும்பிப் பார்ப்பார்? ஆந்திரத்தில் பண்ணை வேலை செய்த ஒரு கூலியாள் கொஞ்சம் விதையைக் கொண்டுபோய் விதைத்தார், அங்கிருந்து கைமாறிக் கைமாறிப் பரவியது என்று நெல் ஆராய்ச்சிக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். எந்தத் துறையும் சிபாரிசு செய்யாமலே இந்தியாவில் மிக அதிகம் விளைந்த ரகங்களில் ஒன்றாக அது ஆனது. உரம் குறைந்தாலும் விளைந்தது, சோறு மெல்லிசாக உதிர்ந்தது, சந்தையில் விலை போனது. விவசாயிக்கு இந்த மூன்றும் போதும்.

அதே ரகத்தைத்தான் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 1986-இல் பொன்னி என்ற பெயரில் வெளியிட்டது. தைச்சுங் 65, மயாங் எபோஸ் 80: பெற்றோர் பட்டியலில் மாற்றம் இல்லை, பெயர்தான் மாறியது. காவிரியின் பெயர் என்பதால் நாம் அதற்கு முன்னால் ஆயிரம் ஆண்டு வரலாற்றை நாமாகவே சேர்த்துக்கொண்டோம். ராஜராஜ சோழன் சாப்பிட்டது பொன்னி அரிசிதான் என்று ஒரு கல்யாணப் பந்தியில் ஒருவர் சத்தியம் செய்தார். சாம்பார் வந்துகொண்டிருந்ததால் நான் வாதாடவில்லை.

அண்ணாச்சியின் மற்ற மூட்டைகளும் இப்படித்தான். பிபிடி 5204 ஆந்திராவின் பாபட்லா நிலையத்தில் பிறந்தது. பொன்னி வெளியான அதே 1986. அதன் பெற்றோர் வரிசை: நம் கிச்சிலிச் சம்பாவான ஜி.இ.பி. 24, தைவானின் தைச்சுங் நேட்டிவ் 1, அப்புறம் மாசூரி. ஆந்திரா பொன்னி என்று பாதிக் கடைகளில் விற்பது இதைத்தான். அதாவது பொன்னியின் மகளையே பொன்னி என்று விற்கிறோம். ஐ.ஆர். 20 மணிலாப் பக்கத்திலிருந்து 1969-இல் வந்ததுதான். ஆனால் தண்டுத்துளைப்பானைத் தாங்கும் குணத்தை அதற்குக் கொடுத்தது டி.கே.எம். 6. டி.கே.எம். என்றால் திரூர்க்குப்பம். இங்கிருந்து திருவள்ளூர் போகும் வழியில் இறங்கிவிடலாம். அந்த டி.கே.எம். 6-இன் பெற்றோரிலும் ஒன்று ஜி.இ.பி. 24. காலையில் ராயப்பேட்டை மெஸ் ஒன்றில் தட்டில் விழும் இட்லிக்குள் திருவள்ளூரும் பிலிப்பைன்ஸும் சேர்ந்தே வேகின்றன. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இதில் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்று ஒரு பொட்டலம் விதை நாடு கடக்க வேண்டுமென்றால் ஒப்பந்தப் பத்திரம் முன்னால் போக வேண்டும். அதற்கும் நியாயம் உண்டு. நம் வேம்பையும் மஞ்சளையும் பறிகொடுக்கப் பார்த்த பிறகு வந்த எச்சரிக்கை அது. ஆனால் 1950-களில் இந்தப் பத்திரங்கள் இருந்திருந்தால் மயாங் எபோஸ் கட்டாக் வந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். பொன்னி என்ற பெயரை மலேசியாவில் ஒரு நிறுவனம் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. அதை எதிர்த்து இந்திய அரசின் வேளாண் ஏற்றுமதி வாரியம் கோலாலம்பூர் நீதிமன்றப் படி ஏறியது. மாசூரியாக இங்கே வந்தவள் பொன்னியாகப் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போனாள். அங்கே அவள் பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்தது.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் சொன்னேன். தராசில் கல்லை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். “மலேசியாவோ தைவானோ, பழைய அரிசியா இருந்தா சோறு நல்லா வரும் சார். அதைக் கேளுங்க முதல்ல” என்றார். ஐந்து கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ராமையாவின் பெயரும் பார்னெலின் பெயரும் ஆவணங்களில் பத்திரமாக இருக்கின்றன. கட்டாக்கில், ஆடுதுறையில், திரூர்க்குப்பத்தில், கோவை நெல் வயலில் இடுக்கி பிடித்து உமி கத்தரித்தவர்கள், கதிருக்கு உறை மாட்டிச் சீட்டுக் கட்டியவர்களைப் பற்றித்தான் எழுத ஆள் இல்லை. உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ அத்தையோ அந்த நிலையங்களில் வயல் வேலை பார்த்திருந்தால், அவர்கள் சொன்னதை, வைத்திருந்த சம்பளச் சீட்டை, ஒரு பழைய படத்தை இந்தத் தொடருக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த மாதம் ஓர் இதழை அவர்களுக்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.